வராதவர் பட்டியல்

மகளின் கடைவாய்ப்பல்லில் கறுப்பாக ஒரு புள்ளியைப் பார்த்த அன்றுதான், வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு கணக்கை மறைப்பது என்று அவர் முடிவெடுத்தார்.

அவருக்கு அரசாங்கப் பல் மருத்துவத் துறையில் வேலை. யார் வாயிலும் கை வைக்க வேண்டியதில்லை. வருஷா வருஷம் மருத்துவக் குழு பள்ளிக்கூடங்களுக்குப் போய் ஆறு, பன்னிரண்டு, பதினெட்டு வயதுப் பிள்ளைகளின் பல்லைப் பார்க்கும். அந்தத் தாள்கள் மூட்டையாக வரும். எந்த வட்டாரத்தில் சொத்தைப்பல் கூடியிருக்கிறது, எங்கே குறைந்திருக்கிறது என்று அட்டவணை போடுவார். அதில் அவரை அடித்துக்கொள்ள ஆளில்லை.

அட்டவணைக்கு அவர் பயப்படவில்லை. குழுவில் டாக்டருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, அவர் சொல்லச் சொல்லத் தாளில் குறிக்கிற உதவியாளர் இவருடைய மனைவி. அங்கேதான் பயம். அந்த அம்மாள் வீட்டுக்குள் மிட்டாயை விடமாட்டார். இவரோ சாப்பிட்டதும் ஒரு நடை போய்விட்டு வருகிறோம் என்று மகளைக் கூட்டிக்கொண்டு தெருமுனைக் கடைக்குப் போவார். தினம் ஒரு மிட்டாய், அதுவும் பல்லில் ஒட்டுகிற ரகம். இரண்டு வருஷமாக நடக்கிற ரகசியம். சொத்து சேர்க்கத் துப்பில்லாத மனுஷன் பெண்ணுக்குச் சொத்தை சேர்த்து வைத்திருந்தார்.

சனிக்கிழமை வேறு ஒரு டாக்டரிடம் கூட்டிப்போய், பல்லின் நிறத்திலேயே ஓசைப்படாமல் அடைத்துவிடலாம். ஆனால் குழு புதன்கிழமையே மகளின் பள்ளிக்கு வருகிறது. அன்றைக்கு மட்டும் அவள் வாயைத் திறக்காமல் இருக்க வேண்டும். அதற்கு ஒரே வழி வயிற்றுவலி. ஞாயிற்றுக்கிழமை மகளிடம் விஷயத்தைச் சொன்னார். அவள் மறுக்கவில்லை. எத்தனை மணி வரைக்கும் வலிக்க வேண்டும் என்று மட்டும் கேட்டுக்கொண்டாள்.

புதன் காலை மனைவி பையை மாட்டிக்கொண்டு கிளம்பும்போது, மகள் போர்வைக்குள் முனகினாள். எத்தனை கேள்வி வந்தாலும் சமாளிக்க அவர் பதில்களை வரிசையாக அடுக்கி வைத்திருந்தார். ஒரு கேள்விகூட வரவில்லை. லீவு போட்டுவிட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள், வெந்நீர் கொடுங்கள் என்று சொல்லிவிட்டு மனைவி செருப்பை மாட்டினார். பதினைந்து வருஷக் குடித்தனத்தில் இவ்வளவு சுலபமாக எதுவும் நடந்ததில்லை. அவருக்குக் கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்தது.

பன்னிரண்டு மணி சுமாருக்கு வாசலில் ஒரு வண்டி வந்து நின்றது. எட்டிப் பார்த்தார். பல் மருத்துவத் துறையின் நடமாடும் சிகிச்சை வண்டி. டாக்டர் உள்ளே நாற்காலியைச் சரிசெய்துகொண்டிருந்தார். மனைவி தாளும் பேனாவுமாக இறங்கி வந்தார். மாடி வீட்டு அம்மாள் துணி உலர்த்துவதை நிறுத்திவிட்டு நன்றாகச் சாய்ந்து நின்று பார்த்தார்.

"இங்க எதுக்கு வந்தீங்க?" என்றார் இவர்.

"வராதவர் பட்டியல்ல ஒரே ஒரு பேருதான் இருந்துது. நம்ம வீட்டுப் பேரு."

"வரலைன்னா வரலைன்னு எழுதிட்டுப் போக வேண்டியதுதானே?"

"போன வருஷம் வரைக்கும் அப்படித்தான். வராத பிள்ளைங்களுக்குத்தான் பல்லு மோசமா இருக்கு, அவங்களை விட்டுட்டா கணக்கு அழகா இருக்குமே தவிர உண்மையா இருக்காதுன்னு யாரோ மேலிடத்துக்கு எழுதிட்டாங்களாம். இனிமே வீடு தேடிப் போகணுமாம்."

எழுதியது இவர்தான். நாலு பக்கம். பாராட்டுக் கடிதம்கூட வந்திருந்தது; அமலுக்கு வந்ததை மட்டும் யாரும் சொல்லவில்லை.

மகள் தானாகவே நடந்து போய் வண்டியில் ஏறி, நாற்காலியில் சாய்ந்து வாயைத் திறந்தாள். டாக்டர் வாய்க்குள் சின்னக் கண்ணாடியை விட்டுப் பார்த்தார். கீழே இடது பக்கம், முதல் பெரிய கடைவாய்ப்பல், ஆரம்பச் சொத்தை, ஆழம் போகவில்லை என்றார். மனைவி குறித்துக்கொண்டார். இப்போதே அடைத்துவிட்டால் ஆயுசுக்கும் இருக்கிற பல் என்று டாக்டர் சொன்னார். இவரும் வண்டியில் ஏறி மகளின் காலைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவளுக்கு அது தேவைப்படவில்லை. இவருக்குத்தான் பிடிமானம் வேண்டியிருந்தது.

இருபது நிமிஷத்தில் வேலை முடிந்தது. இனிப்பு அதிகமாகச் சாப்பிடுவாளோ என்று டாக்டர் கேட்டார். மகள் அப்பாவைப் பார்த்தாள். அவரால் தாங்க முடியவில்லை.

"நான்தான் டாக்டர். தினமும் வாங்கிக் குடுத்தேன்."

மனைவி தலையை நிமிர்த்தவே இல்லை. காரணம் என்ற கட்டத்தில் 'தகப்பன் வழி' என்று எழுதினார்.

டாக்டர் கை கழுவத் திரும்பியதும், இவர் தன் மனைவியின் காதருகே குனிந்து, எப்போது தெரிந்தது என்று கேட்டார்.

"ஞாயித்துக்கிழமை ராத்திரியே" என்றார் மனைவி, தாளை மடித்தபடி. "வயிறு வலிச்சா கையை எங்க வச்சுக்கணும்னு எங்கிட்டதானே வந்து கேட்டா."