ஜில் பார்த்த கடல்நாய்

ஜில் அன்றைக்கு நிஜமாகவே ஒரு கடல்நாயைப் பார்த்தாளா என்று பல வருடங்களாகச் சந்தேகப்பட்டு வருகிறேன். ஜில் என் மனைவி. கோபம் வந்தாலும் குரல் அவள் பெயரைப் போலவே இருக்கும். அதனால் குரலை வைத்து உண்மை பொய் கண்டுபிடிக்க வழியில்லை. ஆனால் என் பதவி அந்தக் கடல்நாயின் முதுகில்தான் உட்கார்ந்திருக்கிறது. அதைப் புரட்டிப் பார்க்க எனக்குத் துணிச்சல் வந்ததே இல்லை.

எங்கள் ஊர் இங்கிலாந்தின் நார்ஃபோக் கடற்கரையில் இருக்கிறது. குளிர்காலத்தில் கடல்நாய்கள் குட்டி போட மணல்திட்டுக்கு வரும். ஊர் நடைச் சங்கம் கூட்டமாகப் பார்க்கப் போகும். முன்னால் போகிறவர் தலை. கடைசியில் வருகிறவர் வால். யாரும் பின்தங்காமல் வால் பார்த்துக்கொள்ளும். ஆகவே தலை திரும்பியே பார்க்க வேண்டாம். அதுதான் முறை.

வருடக்கணக்காக டெரிக்தான் தலை. சேற்றைப் பார்த்தே மணி சொல்லுவான். கேட்காவிட்டாலும் சொல்லுவான். அந்த வருடம், "மற்றவர்களும் நடத்தட்டுமே" என்று சங்கத்தில் பேச்சு வந்தது. சட்டென்று கையைத் தூக்கினேன். ஒழுங்காகக் கூட்டிப்போய்த் திரும்பினால் இனி நான்தான் தலை. சொதப்பினால் சாகும்வரை டெரிக்கின் முதுகைப் பார்த்துக்கொண்டு நடக்க வேண்டும்.

ஜில் தானாகவே வாலாக வருகிறேன் என்றாள். அப்போதே நான் யோசித்திருக்க வேண்டும்.

அன்று காலை சாண்ட்விச் செய்துகொண்டே கேட்டாள்: "நெவில், கடல் ஏறுற நேரம் பாத்தியா?"

"எதுக்கு? போன ஞாயிறு நானே நடந்து பாத்துட்டு வந்தேன். இதே நேரம். ஓடை காஞ்சு கிடந்துச்சு."

"போன ஞாயிறு."

"ஆமா."

"இன்னிக்கு இந்த ஞாயிறு."

"கிழமை எனக்கும் தெரியும் ஜில்."

அவள் சாண்ட்விச்சைக் குறுக்கே வெட்டினாள். கத்தி தட்டில் டக்கென்று பட்டது.

கடல் ஏறும் நேரம் தினமும் தள்ளிப்போகும் என்பதும், ஒரு வாரத்தில் ஏற்றமும் இறக்கமும் இடம் மாறியிருக்கும் என்பதும் எங்கள் ஊரில் தொட்டில் பிள்ளைக்கும் தெரியும். எனக்கும் தெரியும். தலையானதும் மறந்துவிட்டது.

உப்புச் சேற்றுநிலத்தைத் தாண்டி, கடல் ஏறினால் நிரம்பிவிடும் ஓடைக்கு வந்தோம். அதற்கு அப்பால் மணல்திட்டு.

"ஓடை ஈரமா இருக்கே, நெவில்?" என்றான் டெரிக்.

"ஈரம் இல்லாட்டி அது ஓடையா டெரிக்?"

கூட்டம் சிரித்தது. சிரிப்பு ஓய்வதற்குள் அக்கரை ஏறிவிட்டேன்.

எதிர்க்காற்றில் பேசிக்கொண்டே நடந்தேன். குட்டியோடு இருக்கும் கடல்நாயின் கிட்டே போகக் கூடாது, பயந்தால் தாய் குட்டியை விட்டுவிடும் என்று விளக்கினேன். பின்னால் மூச்சு விடும் சத்தம்கூட இல்லை. என்ன ஒழுக்கம் என்று பூரித்தேன். முதல் குட்டி கண்ணில் பட்டதும், கையை நீட்டிக்கொண்டு திரும்பினேன்.

ஒருவரும் இல்லை.

தொலைவில், கரைமேட்டில், வரிசையாக நின்று ஃபிளாஸ்கைத் திறந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்கள். எனக்கும் அவர்களுக்கும் நடுவில் ஓடை பளபளத்தது. கடல் சத்தமே இல்லாமல் உள்ளே வந்துகொண்டிருந்தது, கதவைத் தட்டாத சொந்தக்காரர் மாதிரி.

டெரிக் கலகம் செய்துவிட்டான் என்றுதான் முதலில் நினைத்தேன். வரச் சொல்லிக் கையசைத்தேன். அவர்களும் கோப்பையைத் தூக்கி அசைத்தார்கள். ஓடினேன். ஜில் மட்டும் இறங்கி ஓடையோரம் வந்திருந்தாள்.

"ஏன் யாரும் வரலை?"

"கடல்நாய்!"

"எங்க?"

"ஓடை வளைவுல. குட்டியோட. கிட்ட போகக் கூடாதுல்ல? திருப்பி அனுப்பிட்டேன்."

"எனக்குச் சொல்ல வேண்டாமா?"

"கூப்பிட்டேன். தலைதான் திரும்பவே திரும்பாதே!"

வளைவைப் பார்த்தேன். தண்ணீர்தான் இருந்தது. இறங்கினேன். முழங்கால். தொடை. குளிர் கத்தியாக ஏறியது. நடுவில் ஒரு கால் சேற்றில் மாட்டிக்கொண்டது. இழுத்தேன். வரவில்லை. தண்ணீர் இடுப்பைத் தொட்டது. அப்போது பதவி ஞாபகம் வரவில்லை. ஜில் மட்டும்தான் ஞாபகம் வந்தாள்.

அவள் தொடை ஆழத்தில் நின்று கைத்தடியை நீட்டிக்கொண்டிருந்தாள். "பூட்ஸை விட்டுடு. காலை மட்டும் எடு. நெவில், எடு!"

அவள் குரல் நடுங்கி நான் கேட்டது அந்த ஒரு தடவைதான்.

ஒற்றைப் பூட்ஸோடு கரையேறினேன். டெரிக் வாயைத் திறந்தான். ஜில் முந்திக்கொண்டாள்.

"பாத்தீங்களா? நம்மளக் கரையில விட்டுட்டு, ஆழம் பாக்கத் தான் மட்டும் இறங்கியிருக்கான். இல்ல நெவில்?"

"ஆ...ஆமா." பற்கள் தந்தியடித்தன.

கூட்டம் கைதட்டியது. கையுறை போட்டுக்கொண்டு தட்டினால் சத்தம் வராது. இருந்தும் எனக்குக் கேட்டது. டெரிக் வாயை மூடிக்கொண்டான். மதுவிடுதியில் சூப் வருவதற்குள் என்னைத் தலையாக்கிவிட்டார்கள்.

அன்றிலிருந்து நான்தான் தலை, அவள்தான் வால். ஒவ்வொரு குளிர்காலத்திலும் அவளுக்கு ஏதாவது தென்படும். "அதோ ஆந்தை!" என்பாள், கூட்டம் இடதுபக்கம் திரும்பும். "நீர்நாய்!" என்பாள், எல்லாரும் வந்த வழியே போவார்கள். வேறு யார் கண்ணிலும் எதுவும் படாது. ஜில்லுக்கு என்ன கண் என்று வியப்பார்கள். நானும் வியந்திருக்கிறேன்.

நேற்று பூட்ஸைத் துடைத்துக்கொண்டிருந்தபோது அந்தப் பிராணிகள் எல்லாம் மனதில் வரிசையாக வந்து நின்றன. ஆந்தைக்கு நேர் முன்னால் சதுப்பு. நீர்நாய்க்கு அப்பால் காளை மேயும் வயல். நான் வழி தவறிய இடத்தில் எல்லாம் ஒரு பிராணி. சரியாகப் போன இடத்தில் ஒரு குருவிகூட இல்லை. அப்படியானால் இத்தனை வருடமும் நான் யார்? தலையா, தொப்பியா?

இன்று மறுபடியும் குளிர்கால நடை. அன்றைக்கு அங்கே கடல்நாய் இருந்ததா, இல்லையா என்று காலையில் நேராகக் கேட்டுவிடுவது என்று முடிவு செய்தேன். இல்லை என்றால் பதவி போகும். இருந்தது என்றால் நம்ப மாட்டேன். ஜில் சாண்ட்விச் வெட்டிக்கொண்டிருந்தாள். எதிரே போய் நின்றேன். தொண்டையைக் கனைத்தேன். கேட்டேன்.

"ஜில், இன்னிக்கு எந்த இடத்துல என்ன பாக்கப் போற?"