நான் இன்னும் சாகவில்லை என்பது பற்றி

எல்ம் ஃபோர்க் வார இதழின் ஆசிரியர் டுவேன் பிரிபில் அவர்களுக்கு, முன்னாள் சட்டமன்ற உறுப்பினரும் முன்னாள் குடிமையியல் ஆசிரியருமான வெர்லின் டோஸ்ட்ரூட் மரியாதையுடன் எழுதிக்கொள்வது. தாங்களும் தங்கள் அச்சகமும் நலமென நம்புகிறேன். நானும் நலம். கடிதம் எழுதுவதே அதைச் சொல்லத்தான்.

சென்ற வாரம் சட்டமன்றத்தில் எனக்கு இரங்கல் தீர்மானம் நிறைவேற்றிவிட்டார்கள். முன்னாள் உறுப்பினர்களுக்கு வருடா வருடம் காலை விருந்து ஒன்று வைப்பார்கள். ஆறிப்போன முட்டை, அட்டை மாதிரி ரொட்டி. முழங்கால் வலியால் சில வருடமாக நான் போகவில்லை. வராதவன் செத்திருப்பான் என்று குறித்துக்கொண்டார்களாம். போன் செய்தால் அலுவலகப் பெண் சொல்கிறாள்: "பதிவுல நீங்க காலமாயிட்டீங்க சார். மாத்தணும்னா உங்க குடும்பத்துலேர்ந்து யாராவது எழுதித் தரணும்."

தீர்மானத்தைப் படித்தவன் யார் தெரியுமா? இன்றைய உறுப்பினர் கர்ட் ஹவ்லிக். என் வகுப்பில் உன்னோடு படித்தானே, அவனேதான். ஆளுநர் யார் என்று கேட்டதற்குப் பள்ளிப் பேருந்து ஓட்டுநரின் பெயரை எழுதியவன்; பரிதாபப்பட்டு பாஸ் போட்டேன். "எல்ம் ஃபோர்க் பள்ளிதான் அவருடைய உயிர்" என்று கண்ணீர் விட்டானாம். சின்னப் பள்ளிகளை மூடிப் பெரிய ஊர்ப் பள்ளியோடு சேர்க்கக் கல்வி வாரியங்களுக்கு அதிகாரம் தரும் மசோதாவை, உறுப்பினராக இருந்த நாலு தவணையும் நான் எதிர்த்தேன். நான் எழுந்தாலே பாதிப் பேர் காபி குடிக்கப் போவார்கள். தேர்தலில் நான் தோற்ற மறுவருடமே அதை நிறைவேற்றியவன் இதே கர்ட். அவன் அழுதான் என்றால் எனக்கு வயிறு எரிகிறது, டுவேன்.

அன்று மாலையே சாவு வீட்டுக்குக் கொண்டுவரும் உருளைக்கிழங்கு-பாலாடைக்கட்டித் தட்டோடு பக்கத்து வீட்டு மார்லிஸ் வந்தாள். கதவைத் திறந்தது நான்.

"ஐயோ சார், நீங்களா!" என்றவள், என்னைத் தாண்டி என் மனைவி ஆர்டிஸிடம், "செஞ்சது செஞ்சாச்சுக்கா, சூட்டோட சாப்பிட்டுடுங்க" என்று நீட்டினாள். ஆர்டிஸும் வாங்கிக்கொண்டாள்.

இதையெல்லாம் பொறுத்துக்கொள்வேன். ஆனால் நம் பள்ளியை மூடுவதா வேண்டாமா என்று கல்வி வாரியம் அடுத்த திங்கள் வாக்கெடுக்கப்போகிறது. அங்கே பேசுவதற்கு மூன்று நிமிடம் கேட்டுப் பெயர் கொடுத்திருந்தேன். அந்தப் பெயரை அடித்துவிட்டார்கள். வாரியத்தில் இருப்பவர்கள் எல்லோரும் பெரிய ஊர்க்காரர்கள். என் முகம்கூட அவர்களுக்குத் தெரியாது. "இறந்தவங்களுக்கு நேரம் ஒதுக்கற வழக்கமில்லைங்க" என்கிறார் செயலாளர். பள்ளி போனால் நம் ஊரில் மிஞ்சுவது தானியக் கிடங்கும் மதுக்கடையும்தான். ஆகவே நான் உயிரோடிருப்பதையும், கர்ட் ஒரு புளுகன் என்பதையும் முதல் பக்கத்தில் கொட்டை எழுத்தில் போடவும்.

உன் மனைவிக்கும் குழந்தைகளுக்கும் என் ஆசிகள். எழுத்துப் பிழை இல்லாமல் பத்திரிகை நடத்தி நீடூழி வாழ்க.

இப்படிக்கு,
உயிருடன் உள்ள,
வெர்லின் டோஸ்ட்ரூட்

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும்போது மார்லிஸ் ஓடிவந்தாள். வாரியம் இன்றைக்கே கூடிவிட்டதாம். கர்ட் போயிருக்கிறான். சட்டமன்றத்தில் அழுதுவிட்டு இங்கே மூடச் சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை. "பெரியவர் நினைவா அந்தப் பள்ளிய விட்டுடுங்க" என்றானாம். எல்லோரும் எழுந்து எனக்காக ஒரு நிமிடம் மௌனமாக நின்றார்கள். பிறகு ஒருவர்கூட எதிர்க்காமல், பள்ளியை மூடுவதில்லை என்று முடிவு செய்துவிட்டார்கள். நான் வாழ்நாளெல்லாம் தொண்டை கிழியக் கத்தினேன், டுவேன். ஒருத்தன் எழுந்து நின்றதில்லை.

மார்லிஸின் பேரன் அங்கேதான் படிக்கிறான். "ஊர்ல யாரும் மூச்சு விட மாட்டோம் சார், நீங்க மட்டும் கொஞ்சம் வெளிய வராம இருங்க" என்கிறாள்.

ஆகவே இந்தக் கடிதத்தைப் போடாதே. இரங்கல் செய்தி போடு. கர்ட்டைப் பற்றி இரண்டு வரி நல்லதாக எழுது. ஆர்டிஸ் கறுப்பு உடையைத் தேய்த்துக்கொண்டிருக்கிறாள்.