பெரிய மச்சானுக்கு: உங்கள் தங்கச்சி வெஸ்பா வாங்கப்போறா

கோல்டிங், டென்மார்க்
16.04.2026, வியாழன்

அன்பும் மதிப்பும் நிறைந்த பெரிய மச்சான் அந்தோனிதாசன் அவர்களுக்கு, இன்னாசித்தம்பி எழுதிக்கொள்வது.

நானும் உங்கள் தங்கச்சி மேரிசெலினும் மாதாவின் காவலில் இன்றுவரை சுகம். மன்னாரில் நீங்களும் மச்சாளும் சுகமென்று நம்புகிறேன். ‘இன்றுவரை’ என்று ஏன் எழுதினேன் என்பது போகப்போகத் தெரியும். தொலைபேசியில் சொன்னால் அவ கேட்டுவிடுவா, வாட்ஸ்அப்பில் போட்டால் மகள் றொஷானி பார்த்துவிடுவாள். அதனால்தான் கடிதம். இந்த நாட்டில் சிவப்புத் தபாற்பெட்டிகளையும் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். இதைக் கொடுக்க மேட்டுக்கு அங்கால் இருக்கிற கடைக்குப் போகவேண்டும். ஏன் கழற்றினார்கள் என்பதிலும் எனக்குச் சந்தேகம் உண்டு, அதை விடுவம்.

மாசி மாதம் முதியோர் இல்ல வேலையிலிருந்து ஓய்வு பெற்ற நாளிலிருந்து அவவின் போக்குச் சரியில்லை. செவ்வாயும் வியாழனும் ‘பெண்கள் செபக்கூட்டம்’ என்று போறா. செபத்துக்கு ஏன் தோல் கையுறை? பிறகு பார்த்தால் மோட்டார் சைக்கிள் லைசென்ஸ் எடுத்து பைபிளுக்குள் வைத்திருக்கிறா. இத்தாலியிலிருந்து ஒரு பெட்டி வந்தது, என்னவென்று கேட்க முதல் உடுப்புத் தோய்க்கிற அறைக்குள் போட்டுப் பூட்டியாச்சு. போன கிழமை மத்தியானம் சோபாவில் சற்றுக் கண்ணயர்ந்தேன். முழிச்சுப் பார்த்தால் தையல் அளவுநாடா என் தலையைச் சுற்றி! ‘என்னப்பா இது?’ என்றேன். ‘பேன் பார்த்தனான்’ என்றா. மச்சான், என் தலையில் மயிர் உதிர்ந்து பதினைந்து வருசம்.

அதன் பிறகுதான் ஒரு நாள் சாப்பாட்டு மேசையில் விசயத்தைப் போட்டு உடைத்தா. வெஸ்பா ஸ்கூட்டராம். அதன் சரித்திரத்தையும் கறியோடு சேர்த்துப் பரிமாறினா. போரில் குண்டு விழுந்து நொறுங்கின விமானத் தொழிற்சாலைக்காரர் பிழைப்புக்குச் செய்த வண்டியாம். ஆகாயத்தில் ஓட்டச் செய்து பழகின கை, தரையில் ஓட்டச் செய்தால் எப்பிடி நம்புறது? முதலில் செய்ததற்குத் தாரா வாத்தின் பெயர் வைத்தார்களாம், முதலாளிக்கே பிடிக்கவில்லை. இரண்டாவதைக் கண்டுவிட்டுக் ‘குளவி மாதிரி இருக்கு’ என்றாராம், இத்தாலிப் பாசையில் குளவிக்கு ‘வெஸ்பா’, அதுவே பெயராகிவிட்டது. எங்கட சனம் குளவியைக் கண்டால் ஓடும், இவ காசு குடுத்து வாங்கப் பார்க்கிறா. எல்லாவற்றிலும் மோசம், அதுக்குப் படம் கீறி வடிவமைச்ச எஞ்சினியருக்கு மோட்டார் சைக்கிளே பிடிக்காதாம். ‘அதாலதான் நல்லாச் செய்திருக்கிறார்’ என்றா. ‘சீலை உடுத்தாலும் ஏறலாம், எண்ணெயும் தெறிக்காது, சுவாமிமார்கூட அங்கியோட ஓடினவை.’ சுவாமிமாரை ஏன் இதுக்குள் இழுக்கிறா? அதையும் குறித்து வைத்தேன்.

றொஷானிக்குச் சம்பந்தம் பேசினபோது எப்பிடிப் பூர்வீகம் விசாரிச்சனோ, அப்பிடியே இதுக்கும் விசாரிச்சேன். ஹ்விடோவ்ரேயில் பழைய ஸ்கூட்டர் திருத்தி விற்கிற கபிலனிட்டத்தான் அவ வாங்கப்போறா, அவனுக்குப் போன் அடித்தேன்.

‘பிறந்த இடம்?’

‘பொன்டெடெரா, இத்தாலி. அறுபத்திநாலாம் ஆண்டு.’ உங்கள் தங்கச்சி பிறந்ததும் அந்த ஆண்டுதான், கவனியுங்கோ.

‘முதல் ஆர் வைச்சிருந்தது?’

‘ரெண்டு பேர் அங்கிள். ஒருத்தர் செத்துப்போனார்.’

‘எப்பிடிச் செத்தவர்?’

‘தொண்ணூற்றொரு வயசு, நித்திரையில.’

‘மற்றவர் ஏன் விட்டவர்?’

‘பெண்சாதி விக்கச் சொன்னவ.’

பார்த்தீர்களா, எங்கோ ஒரு குடும்பத்தில் பிரச்சினை பண்ணிவிட்டுத்தான் வந்திருக்கு. நாங்கள் வேதக்காரர் என்றபடியால் சாதகம் மட்டும்தான் கேட்கவில்லை. றொஷானியிடம் சொன்னால், ‘சும்மா இருங்கோ அப்பா’ என்று டேனிஷில் சொல்லிவிட்டு போனை வைக்கிறாள்.

படமும் பார்த்தேன். அதில் ஒரே ஒரு சீற். ஓராளுக்கு. படத்தைப் பெரிசாக்கியும் பார்த்தேன், ஒன்றுதான். முப்பத்திமூன்று வருசமாக வேலைக்கு, கோயிலுக்கு, கடைக்கு எல்லாம் நான்தான் அவவைக் காரில் ஏற்றி இறக்கினனான். பனியிலும் ஒரு நாள் பிந்தவில்லை. இனி அவ தன்பாட்டுக்குப் போனால் நான் ஆரை ஏத்துறது மச்சான்? நான் வேலை செய்த தொழிற்சாலையும் என்னை ஓய்வில் அனுப்பிவிட்டது. பக்கத்துச் சீற்றும் காலியானால் எனக்குப் போக ஒரு இடமும் இல்லை. பயமாயிருக்கு, உங்களுக்கு மட்டும் சொல்லுறன்.

சனிக்கிழமை காலமை கபிலன் வண்டியைக் கொண்டுவாறான். மூத்தவர் உங்கள் சொல்லுக்குத்தான் அவ கட்டுப்படுவா. வாங்கினாலும் திருப்பிக் குடுக்கச் சொல்லிக் கண்டிப்பாக நாலு வரி எழுதவும். மச்சாளுக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பு, மடு மாதா உங்கள் வீட்டை எல்லாக் குளவிகளிடமிருந்தும் காப்பாளாக.

இப்படிக்கு, நித்திரை கொள்ளப் பயப்படும் உங்கள் மச்சான்,
இன்னாசித்தம்பி

பின்குறிப்பு: இன்று சனி. கடிதத்தைக் கொடுக்க வெளிக்கிட்டால் கார் ஸ்டார்ட் வரவில்லை. ஆரோ வேலை பார்த்திருக்கினம் என்றுதான் நினைத்தேன், உள் லைற்றை அணைக்காமல் விட்டது நான்தான். இத்தாலிப் பெட்டியில் இருந்தது பின்சீற், கபிலன் இப்பதான் பூட்டிவிட்டுப் போறான். உங்கள் தங்கச்சி ஒரு புது ஹெல்மெட்டை நீட்டி, ‘இவ்வளவு காலமும் நீங்கள் ஏத்திக்கொண்டு போனியள், இனி நான் ஏத்துறன். ஏறுங்கோ’ என்றா. போட்டுப் பார்த்தேன். என் தலைக்கு அச்சொட்டாக இருக்கு. மேலே கேட்ட நாலு வரியை எழுதவேண்டாம், வளைவில் மெல்லப் போகச் சொல்லி ஒரு வரி போதும். இந்தக் கடிதம் உங்கள் கைக்கு வந்தால், தபால் குடுக்கிற கடைக்குப் போற அந்த மேட்டை வெஸ்பாவில் நாங்கள் இரண்டு பேரும் தாண்டிவிட்டோம் என்று எடுத்துக்கொள்ளுங்கோ.