கேட்காமல் எடுத்த படம்

எங்கள் வீட்டு மாடிக்கு ஒரு குதிரை குடிவந்துவிட்டது.

என் வார விடுமுறை அன்றுதான் கண்டுபிடித்தேன். காலையில் மெதுவாக நடந்தது. மத்தியானம் நாலுகால் பாய்ச்சலில் ஓடியது. அப்புறம் யாரோ யாரையோ பளாரென்று அறைந்தார்கள். எலும்பு ஒன்று முறிந்தது. எல்லாம் முடிந்தபின் ஹைஹீல்ஸ் போட்ட ஒரு பெண் நிதானமாக நடந்து போனாள்.

"போய் என்னன்னு கேட்டுட்டு வாங்க," என்றாள் மனைவி.

"நானா?"

"பின்ன, குதிரையா?"

என் மனைவி கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவள். பக்கத்து சீட்டில் உட்கார்ந்தபடியே பிரேக் போடுவது அவள் தொழில். எங்கள் வீட்டிலும் ஸ்டியரிங் என் கையில்தான் இருக்கிறது. பிரேக் அவள் காலில். நான் மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்த்துப் பொருத்துபவன். ஊரில் பாதிப் பேருக்குப் பார்வை கொடுத்தவன், அவள் ஒரு பார்வை பார்த்தால் மாடிப்படி ஏறிவிடுவேன். ஏறினேன்.

கதவைத் திறந்தவருக்கு முரட்டு மீசை. காலில் பெண்கள் செருப்பு. ஹாலில் ஒரு தட்டில் மணல், இன்னொரு தட்டில் கூழாங்கல், ஒரு வாளித் தண்ணீர்.

"சினிமாவுக்குக் காலடிச் சத்தம் போடறேன் சார்," என்றார். "நடிகருங்க நடக்கறது படத்துல விழும். சத்தம் சரியா விழாது. அவங்களுக்காக நான் நடப்பேன்."

"அந்தக் குதிரை?"

"ரெண்டு மரக் கிண்ணம்."

"எலும்பு?"

"கேரட் சார். பிஞ்சா இருந்தா சுண்டு விரல். முத்தினதுன்னா முதுகெலும்பு."

சண்டை போடப் போனவன் சிஷ்யனாகிவிட்டேன். அவர் மணலில் நடந்தார், திருடன் வந்தான். கல்லில் நடந்தார், போலீஸ் வந்தது. கிளம்பும்போது என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"புதுப் படம் ஒண்ணு ஓடுது. கடைசியில கதாநாயகி வீட்டை விட்டுப் போவா. ஈரத் தரை. வசனம் இல்ல, இசை இல்ல. என் கால் மட்டும்தான். அந்த நடைக்கு நான் பட்ட பாடு! பாத்துட்டு சொல்லுங்க சார்."

கீழே வந்து மனைவியிடம் சொன்னேன்.

"ஞாயித்துக்கிழமை தியேட்டருக்குப் போவோம். அவரையும் அவர் வீட்டு அக்காவையும் கூட்டிட்டுப் போலாம்," என்றாள்.

"தியேட்டர் எதுக்கு? ஒரு தட்டு தட்டினா போன்லயே வந்துடும்."

"திருட்டுப் படமா?"

"எது திருட்டு? நான் ஒருத்தர் சைக்கிளை எடுத்தா அவருக்கு சைக்கிள் இல்ல. படத்தை எடுத்தா படம் அங்கயேதானே இருக்கு?"

"நான் ஒருத்தருக்கு வண்டி கத்துக்குடுக்கறேன். பின்சீட்டுக்குக் கீழ இன்னொருத்தர் ஒளிஞ்சு படுத்துக்கிட்டு ஓசியில கத்துக்கறார். சரியா?"

"வண்டி ஒண்ணும் தேயலையே?"

"என் தொண்டை தேயுதே!"

"ஒருத்தருக்குக் கத்தினாலும் ரெண்டு பேருக்குக் கத்தினாலும் ஒரே தொண்டைதானே?"

அவள் யோசித்தாள். என் மணவாழ்க்கையில் அரிதாக நிகழும் காட்சி. நான் விடவில்லை.

"பக்கத்து வீட்டுப் பாட்டு நம்ம ஜன்னல் வழியா வருது. காதைப் பொத்திக்கணுமா?"

"வேணாம். ஆனா ஏணி போட்டு அவங்க ஜன்னல்ல ஏறாதீங்க."

வாதத்தில் தோற்றவன் செயலில் ஜெயிக்க முடிவு செய்தேன். மறுநாள் அவள் வகுப்புக்குப் போன சமயம் படத்தை இறக்கிப் போனிலேயே பார்த்து முடித்தேன். இருட்டான படம். ஆனால் சத்தங்கள் அபாரம்!

அடுத்த நாள் மாடிப்படியில் சத்தக்காரர் மடக்கினார். "பாத்தீங்களா சார்?"

"பாத்தாச்சு சார்! கடையிலேர்ந்து நேரா தியேட்டருக்கே போய்ப் பாத்துட்டேன்!"

திரும்பினால், கையில் சாவியோடு மனைவி.

"ஓ, தியேட்டர்லயே பாத்தாச்சா? சரி," என்றாள். அவ்வளவுதான். பிரேக்கே போடவில்லை. நான் அப்போதே பயந்திருக்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மாடி வீட்டுத் தம்பதியைக் காபிக்குக் கூப்பிட்டிருந்தாள். சத்தக்காரர் டம்ளரைத் தொடவில்லை. பரீட்சை முடிவுக்குக் காத்திருப்பவர் போல என் முகத்தையே பார்த்தார்.

"எந்தச் சத்தம் சார் பிடிச்சுது?"

"அந்த இருமல்!" என்றேன்.

"இருமலா?"

"அப்பா சாகற சீன்ல, இருட்டுல ஒரு இருமல் வருதே! எமனே வந்து தொண்டையைச் செருமற மாதிரி! அப்புறம் காதல் காட்சியில எங்கயோ குழந்தை அழுதது. கல்யாணமானா என்ன ஆகும்னு அப்பவே எச்சரிச்சுட்டீங்க. கொலை நடக்கறப்ப நறுக் நறுக்னு யாரோ எதையோ மெல்லறாங்களே... மனுஷனுக்குள்ள மிருகம்! சிலிர்த்துப் போச்சு சார்!"



"சார்," என்றார் மெதுவாக, "படத்துல குழந்தையே கிடையாது."

"தியேட்டர்ல யாரோ போனை ஒளிச்சு வெச்சு எடுத்த படம் அண்ணா," என்றாள் என் மனைவி, சாலையோரப் பலகையைப் படிக்கிற குரலில். "முன்சீட்டுக்காரருக்கு இருமல். பக்கத்து சீட்டுக்காரருக்குப் பசி."

மாடி வீட்டு அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார். சத்தக்காரர் சிரிக்கவில்லை. "அதைக் கொஞ்சம் காட்டுங்களேன்," என்றார்.

கடைசிக் காட்சியை வைத்து, போனைக் காதோடு ஒட்டிக்கொண்டார். திரையில் அந்தப் பெண் வீட்டை விட்டு இறங்கினாள். நாற்காலிகள் படபடவென்று மடங்கின. ஒருவர் "செருப்பைக் காணோம்டா" என்று கத்தினார். அவள் நடந்துகொண்டே இருந்தாள், காலே இல்லாதவள் போல. அவர் திரும்ப ஒருமுறை வைத்துக் கேட்டார்.

"கோவமா சார்?" என்றேன்.

"கோவப்பட எனக்கென்ன இருக்கு? எங்கயும் விக்காத பழைய படத்தை நானும் இப்படித்தான் தேடிப் பிடிச்சு வெச்சிருக்கேன். அது சரியா தப்பான்னு எனக்கே இன்னும் புரியல. இந்தப் படத்துக்கும் என் சம்பளம் எப்பவோ வந்துடுச்சு." போனைத் திருப்பிக் கொடுத்தார். "எங்களைக் கேக்காம எடுத்தீங்க, அது போகட்டும். ஆனா என் நடையைக் கேக்கவே இல்லையே சார்."

முதல் 'கேக்காம' எனக்கு உறைக்கவில்லை. இரண்டாவது உறைத்தது. அவர் கண் முன்னாலேயே படத்தை அழித்தேன். அழித்த பிறகு வேறொன்று அரிக்க ஆரம்பித்தது.

"அந்த நடை எப்படித்தான் சார் இருக்கும்?"

"சொல்ல வராது சார். திரும்பிப் பாக்கலாமான்னு குதிகால் நிக்கும். வேணாம்னு விரல் இழுக்கும்."

இதைக் கேட்டபின் மனிதன் சும்மா இருப்பானா? இஸ்திரி போட்ட சட்டையை மாட்டிக்கொண்டு வந்தேன். மூவரும் வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தார்கள்.

"இனிமே இந்த வீட்டுல எந்தப் படமா இருந்தாலும் டிக்கெட் எடுத்துத்தான்!" என்று முழங்கினேன். "கிளம்புங்க, நானும் வரேன்!"

"மூணு டிக்கெட்தான் எடுத்தேன்," என்றாள் மனைவி. "இன்னியோட படத்தைத் தூக்கறாங்க. ஹவுஸ்ஃபுல்."

"அப்ப எனக்கு?"

"உங்களுக்கு எதுக்கு? நீங்கதான் தியேட்டர்லயே பாத்துட்டீங்களே! அடுப்புல குக்கர் இருக்கு, மூணு விசில் வந்ததும் அணைச்சிடுங்க."