பூச்சிய ரூபா விலைமனு

அர்பாவின் மேன்முறையீடு போகவில்லை. கோப்பு பருத்துவிட்டது. தலைமையகத்தின் மெயிலுக்குள் அது நுழையவில்லை.

அர்பா ஹமீடின் மகள். வெள்ளவத்தையில் வீட்டுக்கு எதிரேதான் பள்ளிக்கூடம். அங்கே மணி அடித்தால் இங்கே கறிச்சட்டி அதிரும். தரம் ஒன்றில் இடமில்லை என்று கடிதம் வந்தது. மேன்முறையீட்டுக்கு வெள்ளிக்கிழமை கடைசி. கல்வித் திணைக்களத்தின் கொட்டாஞ்சேனைக் கிளை அலுவலகம் கோப்பைத் தலைமையகத்துக்கு அனுப்ப வேண்டும்.

பருத்ததில் யார்மீதும் குற்றமில்லை. வீடு அங்கேதான் இருக்கிறது என்று நிரூபிக்க ஐந்து வருட லைட் பில், தண்ணீர் பில், எல்லாம் இரு பக்கமும் கலரில் ஸ்கேன் செய்யப்படல் வேண்டும் என்பது சுற்றுநிருபம். பின்பக்கத்தில் ஒன்றுமில்லையென்றால், 'வெற்றுப் பக்கம்' என்று எழுதி சமாதான நீதவான் முத்திரை குத்த வேண்டும். குத்திய பிறகு அது எப்படி வெற்றுப் பக்கம் என்று ஹமீட் கேட்கவில்லை. கேட்டால் அதற்கும் ஒரு கடிதம் கேட்பார்கள்.

திங்கட்கிழமையே மனைவி ஷஹீமா சொன்னாள்: "கடுதாசியெல்லாம் எங்கட கையிலதானே ஈக்கி. நேராப் போய்க் குடுங்களேன்."

"இது டிஜிட்டல் காலம்," என்றான் ஹமீட். திரைச்சீலைக் கடைக்குக் கொம்பியூட்டர் வாங்கிய நாளிலிருந்து மனைவிக்கு இதுதான் பதில்.

கிளை அலுவலக உதவிப் பணிப்பாளர் ஜீவராஜ் நல்ல மனிதர். கோப்பைச் சுருக்கினால் போகும் என்றார். சுருக்கும் மென்பொருள்தான் அலுவலகத்தில் இல்லை. சும்மாவே கிடைக்கிறதே, தன் கடையிலும் அதுதான் என்றான் ஹமீட். ஜீவராஜ் கண்ணாடியைக் கழற்றினார்.

"இலவசத்தை எப்படி இருப்பில ஏத்துறது? விலை இல்லாத சாமான் தொலைஞ்சா யார்கிட்ட அறவிடுறது?"

"அது தொலையாது சேர்."

"தொலையாத சாமானுக்கு விதி இல்லை."

காசுக்கு வாங்குவதென்றால், மூன்று கடைகளின் விலைமனு வந்தால் பெறுகைக் குழு பரிசீலிக்கும். அவசரம் தகப்பனுக்கு, ஆகவே அலைச்சலும் தகப்பனுக்கே. ஹமீட் காலி வீதியில் கடை கடையாக ஏறினான். இரண்டு கடைக்காரர் விலை போட்டுத் தந்தார்கள். மூன்றாமவன் பஸீர், கூட்டாளி. இலவசமானதற்குக் கடைத் தாளில் பூச்சியம் ரூபா என்று எழுதி சீல் வைத்தான். "பூச்சியத்துக்கு வற் வரி போடவா மச்சான்?" என்றும் கேட்டான்.

புதன்கிழமை குழு கூடியது. குறைந்த விலையைத் தெரிவு செய்வது விதி. பூச்சியமோ சந்தேகத்துக்கிடமான குறைந்த விலை. அந்த விலைக்குப் பொருளை வழங்க பஸீருக்கு வல்லமை உண்டா என்பதில் குழு திருப்தியுறவில்லை. நீக்கினார்கள். மீதம் இரண்டு, மூன்று இல்லாமல் வாங்க முடியாது. ஆகவே பூச்சியத்தைத் திரும்பச் சேர்த்து, மூன்று என்று எண்ணிவிட்டு, மறுபடியும் நீக்கினார்கள். காசுக்கு விற்கும் இரண்டில் குறைந்தது வென்றது.

வியாழன் பின்னேரம் மென்பொருள் மெயிலில் வந்தது. சுருக்கப்பட்டு வந்தது.

"இதைத் திறக்கிறதுக்கு இதுவே வேணும் சேர்," என்றாள் எழுதுவினைஞர் துஷாந்தினி.

விற்றவரிடம் விளக்கம் கோரும்படி ஜீவராஜ் பணித்தார்.

வெள்ளி ஜும்ஆத் தொழுகை முடிந்து ஹமீட் ஓடி வந்தான். ஜீவராஜ் கதவைச் சாத்தினார். பையிலிருந்து தன் சொந்த லெப்டொப்பை எடுத்து, கோப்பை அதிலிருந்த சுருக்கும் மென்பொருளில் போட்டு அழுத்தினார். திரையில் ஒரு பெட்டி எழும்பியது: சோதனைக் காலம் முடிந்துவிட்டது, தயவுசெய்து வாங்கவும். முடிந்து ஏழு வருடம். ஈ விரட்டுகிற மாதிரி, பார்க்காமலே மூடினார்.

ஹமீட் கூரையைப் பார்த்தான். இலவசம் என்று அவன் சொன்னதும் இதைத்தான். துஷாந்தினியும் கூரையைப் பார்த்தாள்.

கோப்பு போனது. மூவரும் பிளேன்ரீ குடித்து முடிப்பதற்குள் தலைமையகத்திலிருந்து பதில் வந்தது. சுருக்கிய கோப்பு கிடைத்ததாம். விரிப்பதற்கு அங்கே மென்பொருள் இல்லையாம். மூன்று விலைமனு கோரப்பட்டுள்ளதாம்.

ஹமீட் செத்த முகத்தோடு வீட்டுக்குப் போனான். ஷஹீமா தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள்.

"காலையிலேயே குடுத்தாச்சி," என்றாள். "கவுண்டர்ல இருந்த மிஸ் வாங்கி வெச்சிட்டா."

அர்பா இப்போது பள்ளிக்கூடம் போகிறாள். கோப்புச் சுருக்க முறைக்குக் கிடைத்த வெற்றி என்று ஜீவராஜுக்குப் பாராட்டுக் கடிதம் வந்தது. கடையில் ஹமீடும் அப்படித்தான் கதைக்கிறான். வெற்றுப் பக்கங்கள் உட்பட அத்தனையையும் சொப்பின் பேக்கில் போட்டு, பஸ் ஏறி, தலைமையகக் கவுண்டரில் வைத்துவிட்டு வந்தவள் ஷஹீமா.