மனைவி பெயரில் இருபத்திரண்டு முத்திரை

நூலகத்தின் ஐம்பதாம் ஆண்டு விழாவுக்கு ஆறு மாதம் இருக்கும்போது சுவரில் ஓர் அறிவிப்பு ஒட்டினார்கள். பத்து வருஷமாக யாரும் எடுக்காத புத்தகங்கள் விழாவுக்கு முன் பழைய காகிதத்தோடு போய்விடும். ஓய்வுபெற்ற நில அளவையர் ஒருவர் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி படித்தார். எழுத்து மாறவில்லை.

அந்த மனிதர் ஆயுளில் ஒரே ஒரு புத்தகம் எழுதியவர். ஊர் வரலாறு, முந்நூற்றுப் பன்னிரண்டு பக்கம். தெருத் தெருவாக அலைந்து, பெரியவர்களின் பகல் தூக்கத்தைக் கெடுத்து, ஏழு வருஷம் பாடுபட்டு எழுதியது. அலமாரியில் அதைத் தேடி எடுத்து, பின்னட்டைக்குள் ஒட்டியிருந்த தேதிச் சீட்டைப் பார்த்தார். பன்னிரண்டு வருஷமாக ஒரு முத்திரைகூட விழவில்லை.

தன் புத்தகத்தைத் தானே இரவல் வாங்க மானம் இடம் கொடுக்கவில்லை. ஆனால் மனைவி பெயரில் ஓர் அட்டை இருந்தது. வாசல் அறையில் தையல் கடை நடத்தும் அவள் அதைத் தொட்டே வெகுகாலம் ஆகியிருந்தது.

"உன் லைப்ரரி கார்டு எங்க?"

"பித்தான் டப்பாவுல. எதுக்கு?"

"உனக்குப் படிக்க நல்லதா ஏதாவது எடுத்துட்டு வரலாம்னு."

"எனக்கா? முப்பது வருஷத்துல இப்பதான் தோணிச்சா?"

"தோணினப்பதானே செய்ய முடியும்?"

பித்தான்களையும் துருப்பிடித்த ஒரு பெரிய சாவியையும் விரலால் ஒதுக்கிவிட்டு அவர் அட்டையை எடுத்தார். அவள் நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். மேற்கொண்டு ஒன்றும் கேட்கவில்லை. அதற்கே அவர் பயந்திருக்க வேண்டும். மனிதர் சந்தோஷப்பட்டார்.

ஒரு முத்திரையே போதும்தான், ஆனால் அவருக்கு ஆசை அடங்கவில்லை. வாரம் தவறாமல் எடுத்தார், திருப்பினார், மறுபடி எடுத்தார். "வீட்டுல அவ வேற புத்தகத்தைத் தொடவே மாட்டேங்கிறா" என்று நூலகரிடம் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு சொன்னார். நூலகர் மறுபேச்சில்லாமல் முத்திரை குத்தினார். வீட்டில் புத்தகம் தையல் மெஷின் பக்கத்தில் சும்மா கிடந்தது. அப்படித்தான் அவர் நினைத்திருந்தார்.

புத்தகம் பிழைத்தது. விழாவன்று முதல் வரிசையில், சட்டைப் பையில் பத்து நிமிஷப் பேச்சோடு உட்கார்ந்தார்.

நூலகர் மைக்கைப் பிடித்தார். "ஒரே புத்தகம், இருபத்திரண்டு தடவை..."

அவர் பாதி எழுந்துவிட்டார்.

"...எடுத்துப் படித்த நம் சிறந்த வாசகியை மேடைக்கு அழைக்கிறோம்."

மனைவி எழுந்து, கைப்பையை அவர் மடியில் வைத்துவிட்டு மேடை ஏறினாள்.

"நல்ல உழைப்புதாங்க" என்று நிதானமாக ஆரம்பித்தாள். "ஆனா நாப்பத்தேழாம் பக்கத்துல, மணிக்கூண்டுக் கடிகாரம் இடி விழுந்து நின்னதா போட்டிருக்கு. இடியும் இல்ல, மின்னலும் இல்ல. அதுக்குச் சாவி குடுத்துட்டிருந்தவர் எங்க அப்பா. ஒருநாள் மறந்துட்டார். கேட்டவங்ககிட்ட இடின்னு சொல்லிட்டார். மறுபடி ஓடவிட்டா குட்டு வெளிப்பட்டுடும்னு சாவியையும் வீட்டுக்கே கொண்டு வந்துட்டார்."

இடுப்பிலிருந்து அந்தத் துருச் சாவியை எடுத்துக் காட்டினாள். நில அளவையருக்கு, டப்பாவில் அதை ஒதுக்கிய தன் விரல் நினைவுக்கு வந்தது.

"இவர் ஊர் பூரா விசாரிச்சார். வீட்டுக்குள்ள மட்டும் விசாரிக்கல."

கைதட்டல் அடங்க நேரமானது. மடியில் கைப்பையோடு அவரும் தட்டினார். வெட்கம் பிடுங்கித் தின்றது. அதைவிட, முப்பது வருஷமாக அவளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லையே என்று மனசு வலித்தது.

அடுத்த வாரம் தலையைக் குனிந்தபடி நூலகத்துக்குப் போனார். அலமாரியில் அந்த இடம் காலியாக இருந்தது.

"பழைய காகிதத்துல போட்டுட்டீங்களா?"

"ஐயோ, இல்ல சார். வெளிய போயிருக்கு. இன்னும் பதினேழு பேர் காத்திருக்காங்க."

அவருக்குக் கண் கலங்கிவிட்டது. "படிக்கவா?"

"தப்பு கண்டுபிடிக்க. ஒரு தப்புக்கு ஒரு சட்டை இலவசமாத் தைச்சுத் தர்றதா உங்க வீட்டம்மா சொல்லியிருக்காங்களே, தெரியாதா?"

வீட்டுக்கு வந்தார். மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. பக்கத்தில் ஆறு சட்டைகள் தைத்து அடுக்கியிருந்தன. அவள் தலை நிமிராமல், ஊசியையும் பித்தான் டப்பாவையும் அவர் பக்கம் நகர்த்தினாள்.

"தப்பு உங்களோடதுதானே? பித்தானையும் நீங்களே வெச்சிடுங்க."