குமிழ் விடாத முத்து

தூத்துக்குடியில் அந்த மாதம் ஒருவருக்கும் நெஞ்சு வலிக்கவில்லை. வலித்தவர்கள் எல்லோரும் முத்து பார்த்துக் குணமாகியிருந்தார்கள்.

துறைமுகத்தில் கிரேன் ஓட்டிய ஜாய்சன் முப்பத்திரண்டு வயதில் ஷட்டில் ஆடும்போதே விழுந்து செத்ததில் தொடங்கியது எல்லாம். பீடி கிடையாது, குடி கிடையாது, கை இரண்டும் தேக்குக்கட்டை. அவனே போய்விட்டான் என்றால் தொப்பையோடு நடமாடும் நாமெல்லாம் எம்மாத்திரம் என்று ஊரே இடது தோளைத் தடவிப் பார்த்துக்கொண்டது. பயம் நன்றாகப் பழுத்த நேரத்தில் கடற்கரைச் சாலையில் ஒரு பலகை ஏறியது: 'ஆழிமுத்து இதய ஆய்வகம். ஊசியில்லை, மாத்திரையில்லை.'

உள்ளே பொன்னுதுரை. நெற்றியில் பட்டையில்லை, கழுத்தில் கொட்டையில்லை. வெள்ளைக் கோட்டு, பையில் இரண்டு பேனா. "நான் சாமியார் இல்ல அண்ணாச்சி. இது சயின்ஸ்" என்பதுதான் அவருடைய முதல் வார்த்தை. படித்தவர்களை வளைக்க இதைவிட நல்ல மந்திரம் இன்னும் கண்டுபிடிக்கப்படவில்லை.

முறை எளிது. டப்பாவிலிருந்து ஒரு முத்து தருவார். நோயாளி அதைக் கைக்குள் மூடி நெஞ்சோடு அணைத்துக்கொள்ள வேண்டும். பிறகு 'ஆழ்கடல் திரவம்' நிறைந்த கண்ணாடிக் குவளையில் போட வேண்டும். முத்தைச் சுற்றிக் குமிழ் கிளம்பினால் நெஞ்சில் அடைப்பு. எல்லோருக்கும் கிளம்பியது. வாரம் ஒரு முத்தாகப் பார்த்துக்கொண்டே வந்தால் ஒருநாள் குமிழ் வராது. அடைப்புக் கரைந்துவிட்டதாம். அந்தக் கடைசி முத்தைச் சங்கிலியில் கோத்துக் கழுத்தில் மாட்டி அனுப்புவார்.

வரிசையைப் பார்த்திருக்க வேண்டும். உப்பளக் கணக்கர்கள், வங்கி மேலாளர், வீட்டிலிருந்தே ஐடி வேலை பார்க்கும் தாடிக்காரர்கள். நடுவில், செல்போன் பார்ப்பதுபோல் தலையைக் குனிந்து நின்றவர் நேசக்குமார், எம்.எஸ்சி., பி.எட். நாசரேத்துக்காரர். குலசைத் தசராவுக்கு நேர்ந்துகொண்டு வேஷம் கட்டுகிறவர்களைக் கண்டால் மூடநம்பிக்கை என்று உச்சுக்கொட்டுகிறவர். மேல்நிலைப் பள்ளியில் வேதியியல் ஆசிரியர்.

அவருக்கு முப்பத்துநான்கு வயது. மாடிப்படி ஏறினால் நெஞ்சில் யாரோ ஏறி உட்கார்ந்ததுபோல் இருந்தது. டாக்டர் பார்த்தபோது சர்க்கரை, ரத்த அழுத்தம், கொழுப்பு மூன்றும் கூட்டணி வைத்திருந்தன. மாத்திரை எழுதித் தந்து, "டிரெட்மில் டெஸ்ட் எடுத்துருவோம், தள்ளிப்போடாதீங்க" என்றார். நேசக்குமார் தள்ளிப்போட்டார். எடுத்தால் நோய் தெரிந்துவிடுமே. அவருக்கென்று ஒரு மருத்துவக் கொள்கை ஏற்கெனவே இருந்தது. பரோட்டா நடந்தால் செரித்துவிடும். வாயில் போட்டால் கரைகிற மக்ரூன் வெறும் காற்று. உடன்குடிக் கருப்பட்டியில் செய்த எதுவும் சர்க்கரைக் கணக்கில் வராது. இவற்றோடு முத்தும் அழகாகப் பொருந்திக்கொண்டது.

அவருடைய முத்து குமிழ் விடாத அன்று மாத்திரைகளைக் குப்பையில் போட்டார்.

மனைவி ஈவாஞ்சலின் ஒரு கப்பல் ஏஜென்சியில் வேலை பார்ப்பவள். மாத்திரை அட்டையைக் குப்பைக்கூடையில் கண்டெடுத்தாள்.

"என்னங்க இது?"

"ஏளா, எனக்குச் சரியாயிட்டு. குமிழ் நின்னுட்டு. என் கண்ணால பாத்தேன்."

"மாடியேறி வந்ததுக்கே இந்த இரைப்பு இரைக்கிய. குமிழ் மட்டும் நின்னுட்டாக்கும்."

"இது சயின்ஸ்ளா."

"சரி. யாரும் கையில பிடிக்காத முத்தைப் போட்டா என்ன ஆகும்?"

"அதை எதுக்குப் போடணும்?"

"காலிக் கண்டெய்னர் என்ன எடைன்னு தெரியாம உள்ள எவ்வளவு சரக்குன்னு எப்படிச் சொல்லுவிய?"

சோதனைக்கு ஒரு குழாய், ஒப்பிட ஒரு குழாய் என்று ஆண்டுதோறும் கரும்பலகையில் படம் போடுகிறவர் நேசக்குமார்தான்.

சனிக்கிழமை இருவரும் போனார்கள். கூடத்தில் கால் வைக்க இடமில்லை. மூலையில் சாம்பிராணி புகைந்தது. முறை வந்ததும் பொன்னுதுரை முத்தை நீட்டினார். ஈவாஞ்சலின் கையை நீட்டவில்லை.

"டப்பாவைச் சாய்ச்சு அப்படியே ஒண்ணைக் குவளைக்குள்ள தட்டிவிடுங்க."

"கை படாம எப்படிம்மா? இதயத் துடிப்பு முத்துல இறங்கணும்லா."

"இறங்காட்டா குமிழ் வராதுல்லா? வராம இருக்கான்னு பாப்போம்."

"நியாயமாத்தான கேக்காவ" என்றார் பின்னால் நின்ற வில்பிரட், விசைப்படகுக்காரர்.

பொன்னுதுரை டப்பாவை மூடப் போனார். ஈவாஞ்சலின் முந்திக்கொண்டு அதன் விளிம்பைத் தட்டினாள். ஒரு முத்து குவளைக்குள் விழுந்தது. குமிழ் கிளம்பியது, முற்றிய இதய நோயாளிக்குக் கிளம்புவதுபோல.

"டப்பாவுக்கு ஹார்ட் அட்டாக் போலுக்கு" என்றார் வில்பிரட்.

"இத்தனை நோயாளிக நிக்கிற இடம்லா, காத்துலயே அந்தத் துடிப்பு..." என்று பொன்னுதுரை ஆரம்பித்தார்.

நேசக்குமார் குனிந்து குவளையை முகர்ந்தார். சாம்பிராணியை மீறி ஊறுகாய் வாசம். வினிகர். இத்தனை வாரமும் அதே வாசம்தான் அடித்திருக்கும். மூக்குதான் விடுப்பில் இருந்தது. முத்தும் சிப்பியும் ஒரே சுண்ணாம்புதான், அமிலத்தில் போட்டால் குமிழ் வரும். அவரே தேர்வில் கேட்ட கேள்வி. விடை எழுதாத பையன்களைத் தலையில் என்ன களிமண்ணா என்றும் கேட்டிருக்கிறார்.

மிச்சமிருந்த புதிர், குமிழ் விடாத அந்தக் கடைசி முத்து. கழுத்திலிருந்து கழற்றிச் சாம்பிராணிக் கனலில் போட்டார். அது சுருண்டு உருகி, பிளாஸ்டிக் வாளி எரிகிற நாற்றத்தைக் கிளப்பியது. பிளாஸ்டிக்குக்கு வினிகரில் ஏது குமிழ்.

வங்கி மேலாளர் தன் கழுத்து முத்தைப் பிடித்துக்கொண்டு கேட்டார். "அப்போ என் அடைப்பு?"

"அது உள்ளயேதான் சார் இருக்கும்" என்றார் நேசக்குமார். சொன்ன பிறகுதான் அவருக்கே உறைத்தது.

கூட்டம் பின்வாசலில் பொன்னுதுரையை மறித்துப் போலீஸுக்குச் சொன்னது. அந்த வேடிக்கையைப் பார்க்க ஈவாஞ்சலின் கணவரை விடவில்லை. நேரே ஆஸ்பத்திரி. டிரெட்மில் சோதனையைப் பாதியிலேயே நிறுத்தினார்கள். மறுநாள் ஒரு ரத்தக்குழாயில் ஸ்டென்ட் என்ற கம்பிச்சுருளை வைத்தார்கள். இன்னும் கொஞ்சம் தள்ளிப்போட்டிருந்தால் ஜாய்சன் பக்கத்தில் இடம் பார்த்திருக்க வேண்டியதுதான் என்பதை டாக்டர் நாகரிகமாகச் சொன்னார்.

"மாத்திரையை ஏன் நிறுத்தினீங்க?"

"முத்து குமிழ் விடல டாக்டர்."

டாக்டர் சிரிக்கவில்லை. "என்ன வேலை பாக்கிறீங்க?"

"பள்ளிக்கூடத்துல" என்றார் நேசக்குமார். என்ன பாடம் என்று சொல்லவில்லை. வாழ்க்கையில் முதல்முறையாக எம்.எஸ்சி.யையும் சேர்த்துக்கொள்ளவில்லை.

விடுப்பு முடிந்து வகுப்புக்கு வந்த அன்று மேசையில் ஒரு சிப்பியும் வினிகர் பாட்டிலும் கொண்டுவந்து வைத்தார். குமிழ் கிளம்பியதும் பையன்கள் வழக்கம்போலக் குறிப்பெடுக்கக் குனிந்தார்கள்.

"பேனாவைக் கீழ வைங்கலே. இதைத் தேர்வுக்கு மட்டும் படிச்சவன்தான், நெஞ்சுக்குள்ள கம்பிச்சுருளோட இங்கன நிக்கேன்."